உம் கொட்டிய பெட்டி

போன மாதம் ஆஸ்பத்திரியில் என் நெஞ்சில் ஒரு பட்டையை ஒட்டி அனுப்பினார்கள். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. படி ஏறும்போது எனக்குப் படபடப்பு வருகிறது, அதற்காகத்தான். ஒட்டிய பெண் என் மகளைவிடச் சின்னவள். "குளிக்கலாம் ஆன்ட்டி, உறங்கலாம், அடுக்களையில சோலி பாக்கலாம். இது பாட்டுக்கு எல்லாத்தையும் பதிஞ்சிட்டு கெடக்கும்" என்றாள். நான் அதையே குனிந்து பார்த்துக்கொண்டு இருந்ததைக் கண்டு, "என்ன ஆன்ட்டி, பயமா?" என்று கேட்டாள்.

"பயமில்ல மக்கா, பொறாமையாக்கும்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. விளக்கத் தொடங்கினேன். வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். "எழுதித் தாங்க ஆன்ட்டி, எங்க டெக்னீஷியன் பிள்ளைங்க எல்லாம் படிக்கட்டும்" என்றாள் அவள். வாய் சும்மா இருக்காத எனக்கு அது போதாதா? எழுதுகிறேன்.

நான் அதியன்னூர்க்காரி, பெயர் வசந்தா. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பிறகு நெய்யாற்றின்கரையில் ஒரு ரேடியோ கடையில் கொஞ்ச காலம். பழுதான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆளில்லியா?" என்பார்கள். "பின்னே நான் என்ன ஆனையா?" என்பேன். இப்படிப் பேசியதால் கடைக்கு வரவு குறைந்தது என்று முதலாளி சொன்னார். இருக்கலாம். அப்போதுதான் பாறசாலையைத் தாண்டி, மாநில எல்லைக்குச் சற்று இப்பால் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. ஈ.சி.ஜி. மெஷினிலிருந்து அடுக்களை மிக்ஸி வரை எது கெட்டாலும் என் மேசைக்கு வரும். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து, ஒரு மேசை, ஒரு பற்றவைப்புக் கோல். அதுதான் என் ராஜ்யம். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன், அதற்காக இன்றும் மனசு நிறைந்து நன்றி சொல்கிறேன்.

அந்த நன்றியில் பெரிய பங்கு டாக்டர் லீலாவதிக்கு. எங்கள் ஆஸ்பத்திரியில் அவர்தான் எல்லாம். மலையாளம் பேசும் வீட்டில் பிறந்தவர், ஆனால் எங்களிடம் எங்கள் பேச்சையே பேசுவார். நோயாளி உட்காராமல் தான் உட்கார மாட்டார். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டுத்தான் நெஞ்சில் வைப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர் ஆயுதம் ஒரே ஒரு சொல். நாம் எதையாவது நீட்டி முழக்கிச் சொல்லி முடித்ததும், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "பின்னே?" என்பார். நாம் இன்னும் கொஞ்சம் சொல்வோம். மறுபடியும் "பின்னே?" நம் கையில் சரக்கு தீரும் வரை அது நிற்காது. தீர்ந்துபோனால்தான் நமக்கு எவ்வளவு தெரியாது என்று நமக்கே தெரியும். முதல் வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பிறகு நானே தனியாக இருக்கும்போது எனக்கு நானே கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒருநாள் சிலுவதாசன் வந்தார். காரோடு என்ற ஊருக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் வீடு, கடல் தொழில். நல்ல உயரம், நல்ல உடம்பு. கூட மனைவி திரேசாவும், திரேசாவின் அண்ணன் அந்தோணியும். சிலுவதாசன் இடையிடையே மயங்கி விழுகிறார் என்பதுதான் சங்கதி.

"யாரோ லைட்டை அணைச்ச மாதிரியாக்கும் டாக்டரே" என்றார் அவர். "அதுக்குப் பெறவு ஒண்ணும் தெரியாது. முழிக்கும்போ நனைஞ்சு கெடப்பேன். எல்லாரும் மேல நின்னு என்னைப் பாத்திட்டு நிப்பானுவ."

ஊர் அதற்கு வலிப்பு என்று பெயர் வைத்துவிட்டது. வேறொரு இடத்தில் அதற்கே மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். அதைத் தின்றால் நாள் முழுக்கத் தூக்கம், விழுவது மட்டும் நிற்கவில்லை. வலிப்புக்காரனை எந்த வள்ளத்தில் ஏற்றுவார்கள்? நடுக்கடலில் ஒருவன் விழுந்தால் வலையைப் பார்ப்பதா ஆளைப் பார்ப்பதா? ஒவ்வொருவராக ஒதுக்கிவிட்டார்கள். மச்சினன் என்பதால் அந்தோணி மட்டும் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். அவர் வள்ளத்து ஆட்களும் இப்போது முகத்தைத் திருப்பத் தொடங்கியிருந்தார்கள்.

டாக்டர் அந்தோணியிடம்தான் நிறையக் கேட்டார். விழும்போது கைகால் வெட்டுகிறதா, முகம் என்ன நிறமாகிறது, எழுந்ததும் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று.

"வெளுத்துப் போவான் டாக்டரே, சுண்ணாம்பு மாதிரி. எழும்பும்போ சிவப்பாயிருவான். எழும்பினதும் வலை எங்கேன்னு கேப்பான்."

அவர்கள் வெளியே போனதும் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "வசந்தே, இது வலிப்பு இல்ல. நெஞ்சு நடுவுல நின்னு போகுது, பெறவு தானே ஓடுது. ஆனா எனக்குத் தோணுது, அவ்வளவுதான். கையில ஆதாரம் ஒண்ணும் இல்ல."

ஈ.சி.ஜி. எடுத்தால் எல்லாம் சரியாக இருந்தது. வார்டில் படுக்கவைத்துப் பார்த்தோம். நன்றாகச் சாப்பிட்டார், பக்கத்துக் கட்டில்காரருடன் சீட்டு விளையாடினார், ஒருமுறைகூட விழவில்லை. விழும் நேரத்தில் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று பிடித்தால்தான் உண்டு. நெஞ்சில் கட்டிக்கொண்டு நடக்கும் பதிவுக் கருவி நகரத்தில் இருந்தது. அதற்கு ஆள் வரிசை நீளம், தவிர உப்புத் தண்ணீர்ப் பக்கம் அதைக் கொண்டுபோக விடமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"முழு ஈ.சி.ஜி. வேண்டாம்" என்றார் டாக்டர். "துடிப்பு உண்டா, இல்லியா. அது மட்டும் எனக்குப் போதும். கடல்ல கொண்டுபோகணும். உன்னால ஆகுமா?"

ஆகும் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு என் பொந்துக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அந்தோணிக்குக் கல்ஃபிலிருந்து யாரோ கொடுத்த கையடக்க டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. பதிவதற்கு அதுதான். ஆனால் எதைப் பதிவது? இதயம் துடிக்கும்போது தோலில் வரும் மின்சாரம் மிக மிகச் சின்னது. அதைப் பெருக்கி ஐ.சி. என்கிற சில்லு ஒன்றில் கொடுத்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் ஐந்து வோல்ட் ஒருமுறை எழுந்து விழும். உண்டு, இல்லை. அந்த ஐ.சி.க்கு இந்த இரண்டு சொல்தான் தெரியும். டேப் ரெக்கார்டருக்கோ காது மட்டும்தான் உண்டு. மெதுவாக எழுந்து விழும் வோல்ட் அதன் காதில் ஏறாது. ஆகவே துடிப்பு வரும்போது மட்டும் திறந்துகொள்ளும் ஒரு மின் விசிலைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்தேன். துடித்தால் 'பீப்'. துடிக்காவிட்டால் மௌனம்.

அத்துடன் முடியவில்லை. அந்த விசிலும் ஐந்து வோல்ட்டில்தான் கத்தும். டேப்பின் மைக் துளைக்கு வேண்டியது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியே கொடுத்தால் காதுக்குள் வாய் வைத்துக் கூவியது மாதிரி, பதிவாவது வெறும் கரகரப்பு. நூறு கிலோ ஓம் ஒன்று, நூறு ஓம் ஒன்று, இரண்டு ரெசிஸ்டரையும் தொடுத்து, தொடுத்த இடத்திலிருந்து எடுத்தால் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். பேட்டரியின் நேர் மின்சாரம் டேப்புக்குள் போகாமல் தடுக்க முன்னால் ஒரு கெபாசிட்டர். முதலில் இந்த ரெசிஸ்டர்களைப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். சின்னதாக்கிய சத்தம் நீளமான வயரில் போகும்போது வழியில் கண்ட இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு போனது. பிறகு இரண்டையும், டேப்பின் மைக் துளையில் செருகும் பின்னுக்குள்ளேயே பற்றவைத்தேன். வயர் முழுக்கப் பெரிய சத்தமாகவே போகட்டும், வாசலில் போய்ச் சின்னதாகட்டும். அப்போது சுத்தமாகக் கேட்டது. அந்த மைக் பின்னுக்குள் ரெசிஸ்டரைத் திணித்து மூடிய நாளில் என்னைப் பிடிக்க ஆளில்லை.

நெஞ்சில் ஒட்டும் வயரை லீடு என்போம். லீடு ஒட்ட சிலுவதாசனைக் கூப்பிட்டால், மனிதர் சட்டையின் முதல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"பெண்ணாப் பொறந்தவிய முன்னால எங்ஙன சாரே?"

எங்கள் பக்கத்தில் படித்த பெண்களும் சார்தான். "கடற்கரையில இத்தனை வருஷம் சட்டையா போட்டுட்டு வலை இழுத்தீங்க?" என்றேன். திரேசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றை மட்டும் கழற்ற மாட்டேன் என்றார். அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். பெட்டியையும் டேப்பையும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இடுப்பில் கட்டினோம். கேசட் முடிந்தால் திருப்பிப் போடுவது அந்தோணியின் வேலை. டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார்: கடலில் இருக்கும்வரை சிலுவதாசன் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை வள்ளத்தில்.

பல நாள் ஒன்றும் இல்லாமல் போயிற்று. வள்ளத்தின் எஞ்சின் ஓடும்போது அதன் இரைச்சல் புகுந்து டேப்பெல்லாம் கடகடவென்று இருக்கும். எஞ்சினை நிறுத்தி வலை இழுக்கும்போது பீப், பீப் என்று தெளிவாக வரும். பிறகு ஒருநாள் மூன்று பேரும் அவசரமாக வந்தார்கள். வலை இழுக்கும்போது சிலுவதாசன் விழுந்திருக்கிறார்.

டாக்டர் அறையில் டேப்பைப் போட்டோம். பீப் வந்துகொண்டே இருந்தது. நின்றது. அதன்பிறகு சர்ரென்ற வெற்று இரைச்சல் மட்டும். நாங்கள் காத்திருந்தோம். வரவே இல்லை. கேசட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை வரவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நெஞ்சு நின்னதுதான் டாக்டர். லீடு கழன்றா பெட்டி சும்மா இருக்காது. தகரத்துல மழை விழுற மாதிரி அடிச்சுத் தள்ளும். நான் மேசையில எத்தனை தடவை பாத்தேன்."

"பின்னே?" என்றார் டாக்டர். "இவ்வளவு நேரம் நின்னா ஆளு இங்க இரிப்பானா?"

"அது நெசமானா எனக்கு ஏழாம் நாள் பூசை கழிஞ்சிருக்கும் சாரே" என்றார் சிலுவதாசன், மெத்தப் பணிவாக.

விழுந்ததும் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் அந்தோணியிடம் கேட்டார். வலிப்புக்காரன் கையில் இரும்பு கொடுப்பது ஊர் வழக்கம். வீடானால் சாவி, வள்ளத்தில் நங்கூரச் சங்கிலி. சங்கிலியைக் கையில் கொடுத்து, நெஞ்சிலும் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். தண்ணீர் அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். லீடு அங்கேயே கழன்று போயிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கழன்ற லீடு ஏன் மழை மாதிரி அடிக்கவில்லை? அது எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் முறை வைத்துக் கரண்ட் போகும் காலம் அது. பெட்டியை மேசையில் வைத்து, லீடைச் சும்மா தொங்கவிட்டு, பேட்டரியில் ஓட்டிக்கொண்டு இருந்தேன். வழக்கம்போலத் தகரத்தில் மழை. திடீரென்று கரண்ட் போனது. பெட்டியும் வாயை மூடிக்கொண்டது. பேட்டரியில் ஓடுவது ஏன் நிற்க வேண்டும் என்று இருட்டில் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. கரண்ட் வந்தது, மழையும் வந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கழன்ற லீடு வாங்கி அடித்தது சுவரில் ஓடும் கரண்டைத்தான். கடலில் சுவர் ஏது, கரண்ட் ஏது? அங்கே லீடு கழன்றாலும் மௌனம், நெஞ்சு நின்றாலும் மௌனம். கரையில் பிறந்து கரையிலேயே சோதித்துப் பார்த்தவர்களுக்கு வரும் தவறு அது. டாக்டரைக் கூட்டிவந்து ஃபியூஸைப் பிடுங்கிக் காட்டினேன்.

அவர் இருட்டில் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "கதை கேக்கிற ஆளு உம் கொட்டணும் வசந்தே" என்றார். "உம் நின்னா உறங்கியாச்சுன்னு நமக்கு விளங்கும். உன் பெட்டி உம் கொட்டுதில்ல. நான் நெஞ்சுல ஒட்டித்தான் இரிக்கேன், இரிக்கேன்னு அது சொல்லிட்டே இருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார், எனக்கு வழி திறந்துவிட்டது. லீடு தோலில் ஒட்டியிருக்கும்வரை ஐந்து வோல்ட், கழன்றால் பூஜ்யம் என்று இன்னொரு சர்க்யூட் சேர்த்தேன். அது திறப்பது அடிக்குரலில் ஒரு நீளமான 'உம்ம்ம்'. இரண்டு சத்தத்தையும் தனித்தனி ரெசிஸ்டர் வழியாக ஒரே பின்னுக்குள் விட்டேன். உம்முக்குப் பெரிய ரெசிஸ்டர், அது அடங்கியே இருக்கட்டும். பீப்புக்குச் சின்னது, அது மேலே நிற்கட்டும். இன்னொரு நன்மையும் கிடைத்தது. இந்த டேப்புக்கு ஒரு கெட்ட பழக்கம்: சத்தம் இல்லாவிட்டால் தானாகவே காதைத் தீட்டிக்கொண்டு வெற்று இரைச்சலைப் பெரிதாக்கும். உம் தொடர்ந்து ஒலித்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. உம்மும் பீப்பும் வந்தால் ஆள் நலம். இரண்டும் நின்றால் லீடு கழன்றது. உம் இருந்து பீப் மட்டும் நின்றால், அதுதான் நாங்கள் தேடியது.

ஆனால் அதைப் பிடிக்க அந்த மனிதர் இன்னொரு முறை விழ வேண்டும். இதைச் சொல்ல டாக்டர் அவர்களை வரவழைத்தார். சுற்றி வளைக்கவில்லை. "முந்தின டேப்பை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எங்க பெட்டி போதாது. இப்போ சரியாக்கியிருக்கோம்" என்றார்.

திரேசா எழுந்து நின்றாள். "அப்போ இவிய இனியும் ஒருக்கா விழணும். அப்படித்தானே டாக்டரே?"

"ஆமா."

"விழுந்து எழும்பல்லேன்னா?"

டாக்டர் தன் நாற்காலியைத் திரேசா பக்கம் இழுத்துப் போட்டார். "வேண்டாம்னா வேண்டாம். நகரத்துல முறை வரும்வரை வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

சிலுவதாசன்தான் பேசினார். "வீட்டுல இருந்தாலும் விழுவேன் டாக்டரே. முந்தாநாளு மாதா கோயில் முற்றத்துல விழுந்தேன், பெட்டி இல்லாத நேரத்துல. விழுறது விழுறதுதான். என்னத்துக்கு விழுறேன்னு அறிஞ்சிட்டு விழுறேன்." சட்டையைத் தானே கழற்றிவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் அந்தோணியை ஒரு கட்டிலருகே நிறுத்தி, தலையணையை வைத்து, நெஞ்சை எப்படி அமுக்குவது என்று சொல்லிக்கொடுத்தார். மனிதர் அமுக்கிய அமுக்கில் தலையணைத் தையல் விட்டுப்போனது. பிறகு டாக்டர் கேட்டார்: "உங்க செபத்துல எல்லாருக்கும் மனப்பாடமா உள்ள சின்னது எது?"

"அருள் நிறைந்த மரியே."

"அவன் விழுந்தா நீ அதைச் சொல்லத் தொடங்கு, அதுதான் உனக்குக் கடிகாரம். அது முடியும்வரை ஒருத்தரும் அவன்மேல கை வைக்கக் கூடாது. சங்கிலி வேண்டாம், தண்ணி வேண்டாம். முடிஞ்சும் எழும்பல்லேன்னா, தலையணையில செய்தது மாதிரி அமுக்கு. வயரு போனா போகட்டும்."

அந்தோணி தலையாட்டினார். அவர் தலையில் எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கி வைத்தோம் என்று எனக்கு அன்று முழுசாக விளங்கவில்லை.

அடுத்த வாரங்களில் நான் ஒழுங்காகச் சோறு தின்னவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் உச்சி வெயிலில் வந்தார்கள். சிலுவதாசன் நடந்து வந்தார். நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். அந்தோணி பின்னால் வந்தார். திரேசா அவரைவிட்டு விலகி, வேறு யாரோ மாதிரி வந்தாள்.

என்ன என்று கேட்டேன். அவள் வெடித்துவிட்டாள். "இவன் எனக்க கூடப்பொறந்தவன் தானா சாரே? எனக்க மாப்பிள செத்த மீனு மாதிரி கெடக்காரு, இவன் பக்கத்துல கையைக் கட்டிட்டு இருந்திருக்கான். சங்கிலி எடுத்தவன் கையையும் தட்டிவிட்டிருக்கான். வள்ளத்துல உள்ளவனுவ எல்லாம் கரையில வந்து சொல்லுதானுவ. என்னத்தச் செய்யச் சொன்னாலும் மனுசனுக்கு மனசுன்னு ஒண்ணு வேண்டாமா?"

அந்தோணி டேப்பை என்னிடம் நீட்டினார். டாக்டர் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் டேப்பை என் மேசை ஸ்பீக்கரில் மாட்டினேன்.

உம் அடியில் ஓடிக்கொண்டு இருந்தது. மேலே பீப், பீப். வலை இழுக்கும் நேரம்போலும், கொஞ்சம் வேகமாக. பிறகு பீப் நின்றது.

உம் நிற்கவில்லை. துளி அசையாமல், இருக்கிறேன் இருக்கிறேன் என்று ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே நாற்காலியில் உயிரோடு இருக்கிற மனிதரைப் பார்த்துக்கொண்டே, அவர் நெஞ்சு நின்றுபோனதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு நேரத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பிறகு ஒரு பீப். ஒரு பெரிய இடைவெளி. இன்னொன்று. அப்புறம் மடமடவென்று பழையபடி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்னே?" என்று கேட்க அவருக்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. ஃபோனை எடுத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த இதய டாக்டரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை மறுபடியும் ஓட்டச் சொன்னார். கேட்டு முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து, இன்றைக்கே அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

சிலுவதாசன் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதன்பிறகு அவர் விழவில்லை. ஊர் தன் பேச்சை மெதுவாக மாற்றிக்கொண்டது. டாக்டரின் அனுமதியுடன் அந்தோணியின் வள்ளத்திலேயே திரும்பவும் கடலுக்குப் போனார். நன்றாக வாழ்ந்தார், இப்போதும் வாழ்கிறார். அந்தப் பெட்டியை அதற்குப் பிறகு வேறு சிலருக்கும் கட்டினோம். பின்னாளில் வாங்கிய கருவிகளுக்கு முன்னால் அது ஒரு விளையாட்டுச் சாமான், எனக்குத் தெரியும். இருந்தாலும் என்னைச் செய்யவிட்ட டாக்டருக்கும், அதை நம்பிக் கடலுக்குப் போன மனிதருக்கும் நான் கடன்பட்டவள். எல்லாரையும்விட அந்தோணிக்கு.

அன்று அந்த அறையில் நடந்த ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. பீப் நின்று உம் மட்டும் ஓடியபோது, டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபோது, எனக்குப் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. திரும்பினேன். அந்தோணி கண்ணை இறுக்கி மூடியிருந்தார். இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகி, யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்பதுபோல அமுக்கிக்கொண்டு, அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு இருந்தார். வள்ளத்தில் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான் என்று சொன்னது இதைத்தான். அவர் தோள் குலுங்கியது. செபத்தின் பிற்பாதிக்கு வந்துவிட்டார். மரண நேரத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அவர் குரல் உடைந்தது. இன்னும் ஓரிரு சொல்தான் பாக்கி. அப்போதுதான் அந்த முதல் பீப் வந்தது.

டேப் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை, கையை எடுக்கவில்லை. திரேசா அவரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். எழுந்து போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கக்கத்தில் இறுகியிருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"போதும் அண்ணா, கையை எடு" என்றாள். "அவியளுக்குத் துடிப்பு வந்துட்டு."